வண்டு அழகம்மா

கூனிமலைத் தோட்டத்தில் ஒரு காலத்தில் மூன்று அழகம்மாக்கள் இருந்தார்கள். வாய் ஓயாமல் பேசுகிறவள் வாயாடி அழகம்மா. மாடு வைத்திருந்தவள் மாட்டுக்கார அழகம்மா. மூன்றாமவளுக்கு முதலில் மொண்டிக்கை அழகம்மா என்றுதான் பேர். பிறகு அது போய் வண்டு அழகம்மா என்று ஆனது. முதல் பேரில் கொஞ்சமாவது பரிதாபம் இருந்தது. இரண்டாவதில் அது கிடையாது. அவள் தோட்டத்தை விட்டுப் போய் எத்தனையோ வருசமாகி, இந்தியாவுக்குப் போகிறவர் யார், இருக்கிறவர் யார் என்று சனங்கள் அடித்துக்கொண்டிருந்த அறுபத்து நாலு, அறுபத்தைந்தில்கூட, நம்பி மோசம் போனவர்கள் “வண்டு அழகம்மாகிட்ட மாட்டிக்கிட்டேன்” என்று சொல்வார்கள். ஊர் வாய்க்கு ஒரு பேர் கிடைத்துவிட்டால் லேசில் விடாது.

வட்டகொடை ஸ்டேசனில் இறங்கி, மேல் ரோட்டைப் பிடித்து மூச்சு வாங்க ஏறினால் கூனிமலைத் தோட்டம். அதற்கு மேலும் ஏறினால் காட்டுமலை. அங்கே தேயிலை கிடையாது, வெள்ளைக்காரன் வெட்டாமல் விட்ட காடு. பாசி, அட்டை, குளிர், அவ்வளவுதான்.

அழகம்மா அந்தத் தோட்டத்து லயத்திலேயே, கூலிச் சனங்களின் வரிசை வீட்டிலேயே, பிறந்தவள். பாவாடை வயதிலேயே ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், வேலைக்குப் போனாள். கொழுந்து அரைக்கிற உருளையில் ஒருநாள் வலது கை போய்விட்டது. முழுக் கை போகவில்லை, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. மருந்துக்காரர் துணி சுற்றி அனுப்பினார். அன்றைக்கு இருந்த துரை ஓடி வந்து உருளையைப் பார்த்தார். ரத்தம் பட்ட கொழுந்தை மட்டும் அள்ளிக் கொட்டச் சொல்லிவிட்டு, மிச்சத்தை அரைக்கச் சொன்னார். அந்தத் தேயிலையையும் யாரோ குடித்திருப்பார்கள்.

அவளைக் கட்டிக்கொண்டவன் சிவசாமி. தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். அவனுடைய கத்தியும் நாக்கும் ஒரே கல்லில் தீட்டியவை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, “ரெண்டு வெரலு கொறஞ்சா சோத்துல கைவக்கிறதும் கொறயுமில்ல” என்று சொல்லிச் சிரித்தானாம். பெண் வீட்டாரும் சேர்ந்து சிரித்தார்கள். மொண்டிக்கைக்கு மாப்பிள்ளை கிடைத்ததே பெரிது என்று இருந்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

கொழுந்து பறிக்கிற வேலைக்குக் கட்டைவிரலும் அந்த இரண்டு விரல்களும்தான் மூலதனம். அவை இல்லாதவள் இடது கையால் பறித்து, வலது கையின் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் வைத்து எவ்வளவு அள்ளினாலும் நிறை நிற்காது. நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி. அப்படியிருந்தும் அழகம்மா பல வருசம் முழுப்பேர் வாங்கினாள். அதற்குக் காரணம் கைக்கொழுந்து.

கைக்கொழுந்து என்பது தோட்டத்துப் பெண்களுக்குள் இருந்த வழக்கம். காய்ச்சல்காரி, பிள்ளைத்தாச்சி, வயதானவள் என்று யாராவது நிரையில் பின்தங்கினால், பக்கத்து நிரைக்காரி கடந்து போகும்போது தன் கூடையிலிருந்து ஒரு கை எடுத்து அவள் கூடைக்குள் போட்டுவிட்டுப் போவாள். கூடைதான் தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்குகிறதே. போடுகிறவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். திரும்பிப் பார்த்தால் அது பிச்சை, பார்க்காவிட்டால் அது கொழுந்து. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். அழகம்மாவின் கூடையில் அதிகம் போட்ட கை பேச்சியம்மாவுடையது. பேச்சியம்மா லயத்தில் அடுத்த காம்பிராக்காரி, அதாவது அடுத்த அறைக்காரி, புருசனை மண்சரிவில் பறிகொடுத்தவள், பேச்சைக் காசு கொடுத்து வாங்குகிறவள்போல அளந்து பேசுவாள். கூடையின் கயிறு நெற்றியில் லேசாக இழுபடும். அவ்வளவுதான் அடையாளம். அழகம்மா குனிந்த தலை நிமிராமல் பறித்துக்கொண்டே போவாள்.

தோட்டத்துச் சனத்துக்கு இந்த நாட்டில் ஓட்டும் இல்லை ஒன்றும் இல்லை என்று கொழும்பில் சட்டம் போட்டதற்கு அடுத்தாற்போல்தான் மத்தியாஸ் கண்டாக்கு வந்து சேர்ந்தார். கண்டாக்கு என்றால் மலை வேலையெல்லாம் பார்க்கிற மேலாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், மற்ற ஆறு நாளும் அதை ஈடுகட்டுகிறவர். அவருக்கு முன்னால் இருந்தவர்கள் கைக்கொழுந்துக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டார்கள். இவர் பின்னாலிருந்து வந்து, பேச்சியம்மாவின் கை அழகம்மாவின் கூடைக்குள் இருக்கும்போதே பிடித்தார். பேச்சியம்மாவுக்கு அரைப்பேர். அழகம்மாவுக்கு நிறைத் திருட்டு என்று பேரே வெட்டு.

பேர் வெட்டுவது என்றால் சாதாரணம் இல்லை. நாட்டில் பேர் இல்லை என்றான பிறகு தோட்டத்துச் செக்ரோல் என்கிற ஆள் கணக்கில் இருக்கிற பேர் ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சம். வீட்டில் ஒருவருக்காவது அந்தப் பேர் இருந்தால்தான் லயத்தில் காம்பிரா. சிவசாமி அப்போது நெஞ்சு கரைந்து, ரத்தம் ரத்தமாகத் துப்பிக்கொண்டு படுத்துவிட்டிருந்தான். அவன் பேரை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. இனிக் காம்பிராவும் போனால், நடக்கமாட்டாத அந்த மனுசனை எந்த மரத்தடியில் கொண்டுபோய்க் கிடத்துவது? அழகம்மா மறுநாள் காலை, ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக் களத்தில், துரையின் காலில் விழுந்தாள்.

அந்தத் துரைக்குச் சனங்கள் வைத்த பேர் பூச்சித்துரை. பங்களாவில் அவருக்குப் பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை. கண்ணாடி மூடி போட்ட பெட்டி பெட்டியாகச் செத்த வண்டுகள்தான் இருந்தன. எல்லாம் தரை வண்டுகள். பகலில் கல்லுக்கடியிலும் உளுத்த மரத்துக்கடியிலும் பதுங்கிக் கிடந்து, இருட்டினால் வெளியே வந்து புழுவையும் நத்தையையும் பிடித்துத் தின்கிற சாதி. நீண்ட கால், அரிவாள் மாதிரி வாய். தொட்டால் பின்புறத்திலிருந்து ஒரு நீரைப் பீச்சும். அது பட்ட இடம் பச்சை மிளகாய் தேய்த்த மாதிரி எரியும். பங்களா வேலைக்காரர்கள் இந்த வண்டைத் தொடப் பயந்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

துரை கீழே கிடந்தவளின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். துரைமார் பரீட்சைக்குப் படித்த தமிழில், “இந்தக் கைக்கு இனி என்ன கெட்டுப்போகும்? நீ வண்டு பிடி. அரைப்பேர்” என்றார்.

அப்படித்தான் அழகம்மா வண்டுக்காரி ஆனாள். காம்பிராவும் தப்பியது, அரை வயிற்றுக் கஞ்சியும் தப்பியது.

வேலை இதுதான். பணியமலை, பாறைமலை, காட்டுமலை என்று மூன்று இடத்திலும் வெறும் டின்களை மண்ணுக்குள் வாய்மட்டம் வரை புதைத்து வைக்க வேண்டும். ராத்திரி ஓடித் திரிகிற வண்டு அதில் விழும், வழுக்குகிற டின்னில் ஏற முடியாது. காலையில் போய் எடுத்து, எந்த மலையில் எடுத்தது என்று மாறாமல் துரையிடம் கொடுக்க வேண்டும். ஒரு மலை வண்டை இன்னொரு மலை வண்டோடு கலந்துவிட்டால் தோலை உரித்துவிடுவதாகத் துரை முதல் நாளே சொல்லியிருந்தார். இந்த வண்டுகளுக்கு முதுகு ஓடு இரண்டும் ஒட்டிப்போய்விட்டது, பறக்காது, அதனால் ஒரு மலையில் பிறந்தது இன்னொரு மலைக்குப் போகாது, மலைக்கு ஒரு சாதியாகப் பிரிந்துவிட்டது என்பது அவருடைய கணக்கு. பூதக்கண்ணாடி வைத்து முதுகு வரியில் இருக்கிற குழிகளையும் கண்ணுக்கு மேலே இருக்கிற மயிரையும் எண்ணித்தான் எது எந்தச் சாதி என்று பிரிப்பார். அழகம்மா இதை வந்து சொன்னபோது சிவசாமி இருமி இருமிச் சிரித்தான். “பறக்கத் தெரியாது, பொறந்த மலையிலதான் சாவணும். நம்ம சாதிதான் புள்ள” என்றான்.

அழகம்மாவுக்கு மயிரும் குழியும் தெரியாது. ஆனால் தினம் பார்க்கிற கண்ணுக்குச் சேலையில் கரை பிரிக்கத் தெரியாதா? பணியமலையில் விழுகிற பெரிய கறுப்பனுக்குக் கரிச்சட்டி என்று பேர் வைத்தாள். பாறைமலையில், ஏழாம் நம்பர் தேயிலைக்கு நடுவே இருக்கிற கல் இடுக்குகளில் மட்டும் கிடைக்கிற சிவப்புக் காலனுக்குச் செங்காலன். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் “இன்னிக்கு எத்தன சட்டி புடிச்ச?” என்று கேலி செய்வார்கள். அவளும் சளைக்காமல் பதில் சொல்வாள். அந்தக் கேலியில் விஷம் இல்லை. அவரவர் நிரையில் பார்த்த வண்டைப் பற்றி அவர்களே வந்து சொல்வதும் உண்டு.

முகத்தில் இரண்டு மூன்று தடவை வண்டு பீச்சியது. ஒருமுறை கண்ணிலேயே பட்டது. கண் வீங்கிக் கட்டிக்கொண்டு டின்னோடு போய் நின்றவளிடம், அது எந்த வண்டு, எவ்வளவு தூரம் பீச்சியது, எப்படி நாறியது என்று துரை விசாரித்து எழுதிக்கொண்டார். கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை.

இன்னொன்றும் அவள் பட்டுத் தெரிந்துகொண்டாள். இரண்டு வண்டை ஒரே டின்னில் உயிரோடு விடக்கூடாது. விட்டால் பெரியது சின்னதைத் தின்றுவிடும். முதுகு ஓட்டை மட்டும் மிச்சம் வைக்கும்.

ஒருநாள் காட்டுமலை டின்னில் ஒரு புது வண்டு செத்துக் கிடந்தது. சின்னது, கறுப்பு, முதுகைச் சுற்றிச் செம்பு நிறத்தில் ஒரு கரை. கல்யாணச் சேலை மாதிரி இருந்தது. துரை அதைக் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டு, அவள் நிற்கிறாள் என்பதையும் மறந்து குழந்தை மாதிரி கையைத் தட்டினார். லண்டனுக்கு அனுப்பினார். உலகத்தில் வேறு எங்கும் இல்லாத சாதியாக இருக்கலாம், இந்த மலைக்கே சொந்தமானதாக இருக்கலாம், ஆனால் செத்த வண்டு ஒன்றை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது, உயிரோடு அதே இடத்தில் பார்க்க வேண்டும் என்று அங்கிருந்து ஒரு வண்டுப் பண்டிதர் புறப்பட்டு வருவதாகத் தகவல் வந்தது. துரை அழகம்மாவைக் கூப்பிட்டார். லண்டன் துரை வருகிற அன்றைக்குக் காட்டுமலை டின்னில் ஒரு செம்புக்கரை உயிரோடு இருந்தால் அவளுக்குத் திரும்பவும் முழுப்பேர், சாகும்வரை காம்பிரா. இல்லாவிட்டால் வண்டு வேலையும் வேண்டாம், அவளும் வேண்டாம்.

அன்றையிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. டின்னில் தண்ணீர் நிறையும், இறைத்துக் கொட்டுவாள். அட்டை கடித்து இரண்டு காலும் புண்ணாகிவிட்டது. செம்புக்கரை வரவில்லை. வேறு எந்த வண்டும்கூட வரவில்லை. துரை வெறும் டின்னைப் பார்த்துப் பார்த்து முகம் கறுத்தார்.

லண்டன் துரை வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பீலிக்கரையில் பேச்சியம்மாவிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

“டின்னெல்லாம் வெறுசா கெடக்குக்கா. நாளைக்கும் இப்பிடியே கெடந்தா, இவரத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?”

பேச்சியம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை பூச்சித்துரை முன்னால், லண்டன் துரை அடுத்து, மத்தியாஸ் கண்டாக்கு குடையோடு, அழகம்மா கடைசியில் என்று காட்டுமலை ஏறினார்கள். லண்டன் துரை ஒல்லி, மூக்கில் வழுக்குகிற கண்ணாடி. அட்டைக்குப் பயந்து துள்ளித் துள்ளி நடந்தார்.

முதல் டின்னைக் குனிந்து பார்த்தார்கள். உள்ளே கரிச்சட்டி. பணியமலை வண்டு. பூச்சித்துரையின் நெற்றி சுருங்கியது. இரண்டாவது டின்னில் இரண்டு கரிச்சட்டி, ஒரு செங்காலன். பாறைக் கல்லை விட்டு நகராத செங்காலன் இந்தக் காட்டுக்குள் எப்படி வந்தான்? மூன்றாவது டின்னில் பெரிய கரிச்சட்டி ஒன்று மூலையில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தது. லண்டன் துரை இடுக்கியை விட்டு மெதுவாக எடுத்தார். செம்புக்கரை போட்ட முதுகு ஓடு. அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு கால். அந்தக் கால் இன்னும் உதறிக்கொண்டிருந்தது.

அத்தனை நாள் வராத செம்புக்கரை அந்த ராத்திரி பார்த்துத்தான் வந்திருக்கிறாள். டின்னை அதன்பாட்டுக்கு விட்டிருந்தால், காலையில் கல்யாணச் சேலையோடு உயிரோடு உட்கார்ந்திருப்பாள்.

லண்டன் துரை இங்கிலீசில் என்னமோ கேட்டுவிட்டுச் சிரித்தார். எந்த மலை வண்டும் எந்த டின்னிலும் விழும் என்றால், அந்தச் செம்புக்கரை மட்டும் இந்த மலைக்காரி என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டாராம். மத்தியாஸ் கண்டாக்கு பிற்பாடு அதை எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். பெட்டி பெட்டியாகப் பூச்சித்துரை குத்தி வைத்திருந்த அத்தனை வருசமும் அந்தச் சிரிப்பில் போயிற்று. காது இரண்டும் ரத்தமாகச் சிவந்துவிட்டன.

யார் செய்தது என்று அழகம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வாரம் ஏழாம் நம்பரில் கொழுந்து எடுத்தது பேச்சியம்மாவின் கூட்டம். பெண்கள் அங்கேயும் பணியமலையிலும் கல்லைப் புரட்டி ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக் கொடுத்திருப்பார்கள். பேச்சியம்மா மடியில் முடிந்துகொண்டு, வேலை விட்ட பிறகு அந்த மழையில் தன்னந்தனியாக ஏறி வந்திருப்பாள். நிறை குறைகிற கூடையில் ஒரு கை போடுகிற மாதிரி, வெறும் டின்னில் ஒரு வண்டு போட்டிருக்கிறாள். கொழுந்துக்கு ஏது மலை? எந்த மலைக் கொழுந்தும் ஸ்டோருக்குப் போனால் ஒரே தேயிலைதான். சொல்லாமல் போட்டாள், ஏனென்றால் சொல்லிவிட்டுப் போடுகிற வழக்கமே கிடையாது.

பூச்சித்துரை சத்தம் போடவில்லை. அடங்கின குரலில் கேட்டார். “நீ போட்டதா, வேறு ஆள் போட்டதா? நீ என்றால் இன்றைக்கே காம்பிரா காலி. வேறு ஆள் என்றால் பேர் சொல்லு.”

தெரியாது என்ற சொல் அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. தெரியாது என்று சொன்னால் அவள் போட்டதாகத்தான் ஆகும், அதுவும் அவளுக்குத் தெரியும். மழையில் நனைகிற பாயும், பாயில் சுருண்டு கிடக்கிற சிவசாமியும் கண்ணுக்குள் வந்தார்கள். பேச்சியம்மா ஒண்டிக்கட்டை, எங்கேயாவது பிழைத்துக்கொள்வாள் என்று மனசு ஒரு சமாதானம் சொன்னது. மனசுக்கென்ன, தனக்கு வேண்டியதைச் சொல்லிக்கொள்ள அதற்கு எப்போதும் தெரியும்.

“பேச்சியம்மா” என்றாள். துரை காதில் சரியாக விழுந்ததோ என்னவோ என்று இன்னொரு தரமும் சொன்னாள். “அடுத்த காம்பிரா பேச்சியம்மாதான் தொரைகளே.”

அந்த இரண்டாவது தரம் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

பொழுது சாய்வதற்குள் பேச்சியம்மாவின் சட்டிபானைகள் லயத்து வாசலில் மழையில் கிடந்தன. மத்தியாஸ் கண்டாக்கு நின்று எறிய வைத்தார். ஒரு மண்சட்டி உடைந்தது. பத்துச்சீட்டு, அதாவது தோட்டத்தை விட்டு நீக்கின சீட்டு, அவள் கையில். பெண்கள் அவரவர் கதவடியில் நின்று பார்த்தார்கள். வண்டு பிடித்துக் கொடுத்த கைகள்தான் எல்லாம். பேச்சியம்மா அந்தப் பெண்களில் ஒருத்தியின் பேரையும் துரையிடம் சொல்லவில்லை. வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தம்பி இருக்கிறான், அவன் பெண்சாதி சேர்த்துக்கொண்டால் உண்டு என்று மட்டும் சொன்னாள்.

போகிறபோது அழகம்மாவின் வாசலுக்கு வந்தாள். முன்னே இரவல் வாங்கின சுளகு ஒன்று அவளிடம் இருந்தது. அதைத் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். அழகம்மா உள்ளே அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கொழுந்துன்னு நெனச்சுத்தான் போட்டேன் புள்ள” என்றாள் பேச்சியம்மா.

அழகம்மா திரும்பவில்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பேச்சியம்மா ஸ்டேசன் ரோட்டில் இறங்கிப் போனாள்.

சிவசாமி எல்லாவற்றையும் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். அவன் திட்டுவான், நாக்கால் கீறுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவனோ கஞ்சியைக் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினான். “நல்ல வேல செஞ்ச. இன்னும் ஒரு கரண்டி ஊத்து” என்றான். அவள் ஊற்றினாள்.

துரை தன்னை நியாயஸ்தர் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். உண்மையைச் சொன்னவளை ஒன்றுமில்லாமல் விடக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. வண்டு வேலை அன்றோடு முடிந்தது, பெட்டிகளை எல்லாம் அவர் மூடிவிட்டார். அழகம்மாவுக்கு முழுப்பேர் போடச் சொன்னார். பேச்சியம்மாவின் இடம் காலியாக இருக்கிறதல்லவா, அதே கூட்டத்தில், அவள் நின்ற நிரையிலேயே இவள் நிற்கட்டும். மற்றவர்களுக்கு என்ன நிறையோ அதே நிறை இவளுக்கும். குறைந்தால் வழக்கப்படி வெட்டு.

கூடையை மாட்டிக்கொண்டு அந்த நிரையில் போய் நின்றபோதுதான் அழகம்மாவுக்குத் தான் என்ன செய்தோம் என்பது முழுசாக விளங்கியது. முழுப்பேர் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த முழுப்பேரைத் தாங்குகிற கை அவளுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அடுத்தவர்களுடைய கையால்தான் அவள் அத்தனை வருசம் பேர் வாங்கினாள்.

பெண்கள் அவளோடு சண்டை போடவில்லை, பேசவும் இல்லை. பீலிக்கரையில் அவள் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். மத்தியாஸ் கண்டாக்கு வந்ததால் கைக்கொழுந்து நின்றுபோய்விடவில்லை, இன்னும் சாமர்த்தியமாக நடந்துகொண்டிருந்தது. அதே கூட்டத்து வேலாயியின் காய்ச்சல்கார மகள் கூடையில் மூன்று பேர் போட்டுவிட்டுப் போனதை அழகம்மாவே கண்ணால் பார்த்தாள். அவள் நிரையை மட்டும் எல்லோரும் காற்று மாதிரிக் கடந்து போனார்கள். தினமும் நிறை குறைந்தது. அவள் மத்தியானக் கஞ்சிக்கு நிற்காமல் பறித்தாள். நகக்கண் வெடித்து ரத்தம் வந்தது. அப்போதும் குறைந்தது. கடைசியில் கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை ஒரு காலையில் கூப்பிட்டு, இன்றைக்கும் குறைந்தால் பேரை வெட்டச் சொல்லிக் கண்டாக்கையா உத்தரவு என்று சொன்னார்.

அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது, மலையெல்லாம் மூடின பனி. பொழுது இறங்குகிற நேரம். கூடை பாதிக்குச் சற்று மேலே இருந்தது. இனி எத்தனை பறித்தாலும் ஆகாது என்று தெரிந்தும் கை ஓடிக்கொண்டிருந்தது. அப்போது நெற்றியில் கயிறு லேசாக இழுபட்டது.

யாரோ கடந்து போகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தரம் இழுபட்டது. பிறகு இன்னொன்று. நிரையின் கோடிக்குப் போவதற்குள் கூட்டத்தில் பாதிப் பேராவது அவள் முதுகுப் பக்கமாக நடந்து, ஆளுக்கு ஒரு கை கூடைக்குள் விட்டுவிட்டுப் போனார்கள். அழகம்மாவுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பால் துடைக்கவும் இல்லை. மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்தாள். பேச்சியம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும், எப்பாடு பட்டாவது வட்டவளைக்கு ரயிலேறிப் போய்க் காலில் விழ வேண்டும் என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்து ஒரு முகத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்று உயிர் துடித்தது. ஆனால் வழக்கம் வழக்கம்தான், அவள் திரும்பவில்லை.

கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் பெண்கள் வழக்கமாகத் தங்கள் நிறை முடிந்ததும் லயத்துக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு ஒருத்தியும் போகவில்லை. தூறலில் படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சுற்றி நின்றார்கள். அழகம்மா கூடையைத் தராசில் மாட்டினாள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். குறைந்திருந்தது ஒரு கை இரண்டு கை அல்ல, நிறையவே. அவளுக்கு விளங்கவில்லை. முற்றல் இலை கிடக்கிறதா என்று பார்க்க அவர் கூடைக்குள் கையை விட்டார். விட்ட வேகத்தில் அலறிக்கொண்டு இழுத்தார். கையை உதறி, வேட்டியில் தேய்த்து, கூடையைக் காலால் எட்டி உதைத்தார். கீழே விரித்திருந்த படங்கில் கொழுந்து கொட்டிச் சிதறியது. அதற்குள்ளிருந்து கறுப்புக் கறுப்பாக வண்டுகள் ஓடின.

யாரோ ஒருத்தி முதலில் சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நாளைக்குப் பெரட்டுக்கு வர வேண்டாம் என்று கணக்கப்பிள்ளை அவளிடம் சொன்னது அந்தச் சிரிப்பில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. அவளுக்கு மட்டும் கேட்டது.

அழகம்மா படங்கின் ஓரத்தில் குந்தினாள். வண்டுகளைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை, பழகின கண். அந்தக் கரிச்சட்டிகள் பணியமலையில் பிடித்தவை, அங்கே மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறவள் மாட்டுக்கார அழகம்மா. செங்காலன்கள் ஏழாம் நம்பர் கல்லுக்கடியில் எடுத்தவை, வேலாயியும் அவள் மகளும் கொழுந்து எடுக்கிற இடம் அது. எந்த வண்டு எந்தக் கையிலிருந்து விழுந்தது என்று ஒவ்வொன்றாக அவளால் சொல்ல முடிந்தது.

கொழுந்துக் குவியலுக்கடியிலிருந்து கடைசியாக ஒன்று வெளியே வந்தது. சின்னது, கறுப்பு, முதுகைச் சுற்றிச் செம்புக்கரை. அது காட்டுமலை உச்சியைத் தவிர வேறெங்கும் இல்லை. அங்கே தேயிலை இல்லை, புல் இல்லை, யாருக்கும் எந்த வேலையும் இல்லை. துரைக்காக அழகம்மா எத்தனையோ நாள் மழையில் காத்துக்கிடந்தும் உயிரோடு கிடைக்காதது. அவளுக்காக யாரோ ஒருத்தி அட்டையிலும் சேற்றிலும் அவ்வளவு உயரம் ஏறி, தேடிப் பிடித்து, சாகாமல் மடியில் பொத்திக் கொண்டுவந்து, ஒரு வார்த்தை பேசாமல் கூடையில் போட்டிருந்தாள்.